தொலைபேசி நிலையம் வீட்டுக்குள் வந்துவிட்டது: இணையவழித் தொலைபேசி, புதியவர்களுக்கு

செம்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைன் மின்வெட்டிலும் மணியடிக்கும். தொலைபேசி நிலையத்தில் அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இணையவழித் தொலைபேசியில் அந்த ஏற்பாடு கிடையாது. மின்சாரம், குரலின் தெளிவு, கதவுக்குப் பூட்டு என்று நிலையத்து ஊழியர்கள் நமக்குத் தெரியாமலேயே பார்த்துக்கொண்ட வேலைகள் எல்லாம் இப்போது நம்மிடம் வந்துவிட்டன. இணைப்பு விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார். 'அழைப்புகள் இலவசம்' என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ முதன்முறையாக இணைப்பு எடுப்பவரை மனத்தில் வைத்து எழுதியது இது.

எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப் அழைப்பும் இணையவழிப் பேச்சுதான். ஆனால் இரண்டு பக்கமும் அதே செயலி இருக்க வேண்டும். வங்கிக்கோ, எரிவாயு முன்பதிவுக்கோ, 108க்கோ அதிலிருந்து அழைக்க முடியாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு பேச இதையே நம்பியிருக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குத் தடை இருக்கிறது. அங்கே போடிம் போன்ற, உரிமம் பெற்ற செயலிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அழைப்பு போகவில்லை என்றால் உங்கள் கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வகை, ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைன். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் மூன்றுமே தருகின்றன. எண் வழக்கமான எண்தான். சென்னை என்றால் 044, கோவை 0422, மதுரை 0452 என்று தொடங்கும். உங்களை அழைப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

மூன்றாவது அலுவலகங்களுக்கானது. ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் பல பேர் பேசலாம், மேசைக்கு மேசை மாற்றிக் கொடுக்கலாம், கிளைகளை இணைக்கலாம். இதில் 'எஸ்ஐபி' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அழைப்பைத் தொடங்கவும், மணியடிக்கச் செய்யவும், முடிக்கவும் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறை அது. 1999இல் வெளியாகி, 2002இல் திருத்தி எழுதப்பட்ட வடிவமே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குரலைச் சுமப்பது அதன் வேலை அல்ல. குரல் தனி வழியில், வேறு போர்ட் எண்களில் போகும். போர்ட் என்பது ஒரே கருவிக்குள் வெவ்வேறு வேலைகளுக்கான கதவு எண். இந்த ஒரு விவரம் பின்னால் பல பழுதுகளைப் புரிந்துகொள்ள உதவும்.

வீட்டில் பொருத்துவது

ஃபைபர் நுழையும் வெள்ளைப் பெட்டியின் பெயர் ஓஎன்டி. அதன் பின்புறத்தில் இணையத்துக்கான அகலமான துளைகளோடு, சற்றுச் சிறிய ஒரு துளையும் இருக்கும். 'டெல்', 'போன்' அல்லது 'பாட்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். பழைய தொலைபேசிக் கம்பியின் ஆர்ஜே-11 முனையை அதில்தான் செருக வேண்டும். புதிய கருவி வாங்கத் தேவையில்லை. பத்து வருடப் பழைய பீட்டல் போனும் வேலை செய்யும். செருகியதும் ரிசீவரை எடுத்துப் பாருங்கள். டயல் ஒலி வரவில்லை என்றால், பெட்டியில் தொலைபேசிக்கான விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் நிறுவனம் உங்கள் எண்ணை இன்னும் அந்தப் பெட்டியில் பதிவு செய்யவில்லை என்று பொருள். இது அவர்கள் பக்கத்து வேலை. நீங்கள் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சரியாகாது.

மாடியிலும் சமையலறையிலும் பழைய செம்புக் கம்பியில் இணைத் தொலைபேசிகள் வைத்திருந்தவர்கள் அந்த உள்கம்பிகளை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் தெருவிலிருந்து வரும் பழைய கம்பியை முதலில் முழுதாகத் துண்டித்துவிடுங்கள். அதில் நிலையத்து மின்சாரம் இன்னும் வந்துகொண்டிருந்தால் பெட்டியின் தொலைபேசித் துளை பழுதாகிவிடும். பெட்டிக்கு ஒன்றிரண்டு கருவிகளை மணியடிக்கச் செய்யும் வலுதான் பெரும்பாலும் உண்டு. நான்கைந்து தேவைப்பட்டால், ஒரு தாய்க்கருவியோடு பல கைக்கருவிகள் வரும் கம்பியில்லாத் தொலைபேசி நல்லது.

ஜியோவின் ஜியோஜாயின் போல, வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பைக் கைபேசியிலேயே எடுக்க உதவும் செயலிகளும் உண்டு. வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பொத்தான் உள்ள தொலைபேசி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

லேண்ட்லைனிலிருந்து கைபேசியை அழைக்கும்போது எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'புது இணைப்பு வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் சில இந்த ஒரு பூஜ்யத்தால் வருபவை.

மின்சாரத்தை மறக்க வேண்டாம்

கரண்ட் போனால் ஓஎன்டி அணையும், தொலைபேசியும் அதோடு போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் ஓஎன்டி செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை மெயினை அணைத்துச் சோதியுங்கள். டிவி அலமாரிக்குப் பின்னால் உள்ள பிளக் பெரும்பாலும் அதில் இருக்காது. இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு 12 வோல்ட் சிறிய டிசி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ஓஎன்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வைஃபை ரவுட்டர் தனியாக இருந்து அதன் வழியாகத் தொலைபேசி வேலை செய்தால் அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு.

புயல் நாட்களில் ஃபைபரே அறுந்துவிடலாம். அதனால் அவசரத்துக்கு இணையவழித் தொலைபேசியை மட்டும் நம்பியிருக்காமல், மின்னேற்றம் உள்ள ஒரு கைபேசி அருகில் இருப்பது அவசியம். 112 எந்தக் கைபேசியிலும் வேலை செய்யும்.

குரல் ஏன் உடைகிறது

இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: '100 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்தும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது.' வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்து அடுத்த திட்டத்துக்கு மாறுவார்கள். பணம்தான் போகும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். குரலை எண்களாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். மாற்றியதைத் துண்டு துண்டாக, பொட்டலங்களாக அனுப்புவார்கள். இங்கே வழக்கத்தில் உள்ள ஜி.711 கோடெக் 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலமாக, வினாடிக்கு 50 பொட்டலங்களை அனுப்புகிறது. குரலுக்கு மட்டும் 64 கிலோபிட், முகவரி உறைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 87 கிலோபிட். ஆக ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் போதும். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்தான். உங்களிடம் உள்ள 100 எம்பிபிஎஸ்ஸில் அது ஒரு மூலை.

அப்படியானால் கோளாறு எங்கே? பொட்டலங்கள் சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணை இருந்தும் அரை மணி நேரம் எதுவும் வராமல் மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் பயணிக்கு என்ன ஆகுமோ அதுதான் குரலுக்கும் ஆகிறது. தாமதமாக வந்த பொட்டலத்தைக் கருவி தூக்கி எறிந்துவிடும். அந்த இடத்தில் பேச்சில் ஓட்டை விழும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பொட்டல இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழும், இடைவெளி ஏற்ற இறக்கம் 30 மில்லிவினாடிக்குக் கீழும் இருக்கட்டும்.

சோதிக்கச் செலவில்லை. கணினியை ரவுட்டரில் கம்பியால் இணைத்து, பிங் கட்டளையைச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அது காட்டும். எண்கள் சீராக வரும். பிறகு பெரிய காணொளி ஒன்றை மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டே மீண்டும் பாருங்கள். 15, 18 என்று வந்துகொண்டிருந்த எண்கள் திடீரென 300, 400 என்று தாவினால் காரணம் தெரிந்துவிட்டது. கோப்பு ஏறும்போது குரல் பொட்டலங்கள் ரவுட்டரின் வரிசையில் பின்னால் நிற்கின்றன. இறக்கும் வேகத்தைப் பார்த்தே திட்டம் வாங்கிப் பழகிவிட்டோம். தொலைபேசிக்கு ஏற்றும் திசைதான் முக்கியம்.

மருந்து ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் 'கியூஓஎஸ்' என்ற பகுதியைத் திறந்து குரலுக்கு முதலிடம் கொடுங்கள். மொத்த ஏற்று வேகத்தையும் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். சிசிடிவி கேமராக்கள் இரவுபகலாக மேகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேசைத் தொலைபேசிகளை வைஃபையில் போடாதீர்கள். கம்பி இழுப்பது ஒருநாள் வேலை, வைஃபையோடு மல்லுக்கட்டுவது ஓயாத வேலை.

இன்னும் மூன்று பழுதுகள் அடிக்கடி வரும். அவர் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை, அல்லது தலைகீழாக. அழைப்பு இணைந்து சரியாக அரை நிமிடத்தில் துண்டிக்கிறது. நாம் அழைத்தால் போகிறது, நமக்கு வருவது மட்டும் சில நிமிடங்களுக்குப் பிறகு நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே. வீட்டுக்குள் உள்ள கருவியின் முகவரி வேறு, வெளியுலகுக்குத் தெரியும் முகவரி வேறு. இடையில் ரவுட்டர் முகவரியை மாற்றி எழுதுகிறது. எஸ்ஐபி செய்திக்குள் எழுதியிருக்கும் முகவரியை நம்பிக் குரல் அனுப்பினால் அது தவறான வீட்டுக்குப் போகும். 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று ஒரு வசதி பல ரவுட்டர்களில் உதவுவதாகச் சொல்லிக்கொண்டு இதை இன்னும் குழப்பும். அதை அணைத்துவிடுங்கள். அழைப்புகள் வராமல் போவதைத் தடுக்க, தொலைபேசி நிறுவனத்திடம் தன்னைத் திரும்பப் பதிவு செய்துகொள்ளும் இடைவெளியை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று குறைத்தால் ரவுட்டர் வழியை மூடாமல் வைத்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லும். இங்கே பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் அந்த வித்தை அங்கெல்லாம் பலிக்காது.

அலுவலகத்தில்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை, திருப்பூரில் ஒரு கிளை, எட்டு மேசைகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மேசை என்பதால் எட்டு இணைப்பு வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியே பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். மூன்று, நான்கைத் தாண்டாது. அத்தனை வழிகள் உள்ள எஸ்ஐபி டிரங்க் (நிறுவனத்தோடு அலுவலகத்தை இணைக்கும் வெளி இணைப்பு) கேட்டால் போதும். 30 வழிகளை மொத்தமாக வாங்கியாக வேண்டிய பழைய பிஆர்ஐ இணைப்பைவிட இதில் கணக்கு இலகு. டிரங்கை நிறுவனம் தன் ஃபைபரில் தனி வழியாகவே கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பொது இணையத்தின் நெரிசல் அதைத் தொடாது.

உள்ளே மேசைகளை இணைப்பது ஐபி பிபிஎக்ஸ். கடையில் விற்கும் பெட்டியாகவும் வாங்கலாம், 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு சிறு கணினியில் நிறுவியும் செய்யலாம். அதற்கு உலாவி வழியாக நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற முகப்பு உண்டு. லினக்ஸ் தெரிந்தவர் அலுவலகத்திலேயே இருந்தால் இரண்டாவது. இல்லையென்றால் பெட்டியே நல்லது. நிறுவிக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போன பிறகு கடவுச்சொல் தெரியாமல் நிற்கும் அலுவலகங்கள் ஏராளம்.

எக்ஸ்டென்ஷன் எண்கள் கொடுக்கும்போது 101, 102 என்று தொடங்குவது எல்லோருக்கும் கை வந்த பழக்கம். நம் நாட்டில் அது ஆபத்து. 100 காவல்துறை, 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். தீப்பிடித்த நேரத்தில் 101ஐ அழுத்தினால் கணக்காளர் மேசையில் மணியடிக்கும். 201இலிருந்து தொடங்குங்கள். அதேபோல் வெளி இணைப்புக்கு 0 என்று வைத்தால், ஊழியர் கைபேசியை அழைக்க இரண்டு முறை 0 போட வேண்டியிருக்கும். பத்து இலக்கக் கைபேசி எண்ணைக் கண்டால் பிபிஎக்ஸே 0 சேர்க்கும்படி விதி எழுதிவிடலாம்.

திருப்பூர்க் கிளையின் தொலைபேசிகள் ஈரோட்டு டிரங்க் வழியாக வெளியே போனால், அங்கிருந்து செய்யும் அவசர அழைப்பும் ஈரோட்டு எண்ணிலிருந்து வந்ததாகவே தெரியும். கிளை ஊழியர்களிடம் இதைச் சொல்லி, அவசரத்துக்குக் கைபேசியையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மேசைத் தொலைபேசிகளுக்கு மின்சாரமும் இணையமும் ஒரே கம்பியில் போகும்படி பிஓஇ ஸ்விட்ச் வாங்குவது கூடுதல் செலவுதான். ஆனால் அந்த ஒரு ஸ்விட்சையும் ஓஎன்டியையும் ரவுட்டரையும் பிபிஎக்ஸையும் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் எட்டு தொலைபேசிகளும் கரண்ட் இல்லாமல் ஓடும்.

வரவேற்புக் குரலைச் சுருக்கமாக வையுங்கள். 'தமிழுக்கு 1', பிறகு இரண்டோ மூன்றோ தேர்வுகள், எதையும் அழுத்தாதவருக்கு ரிசப்ஷன். கடையின் வரலாற்றை அங்கே சொல்லத் தேவையில்லை. பதிவு செய்யும் வசதியை இயக்கினால் அழைப்பவருக்கு அதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். சுருக்காத பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் பிடிக்கும். எத்தனை நாள் வைத்திருப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

எல்லாம் தயாரானதும் வங்கியின் தானியங்கி எண்ணை அழைத்துப் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். மறுமுனை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், பொத்தான் ஒலிகளை அனுப்பும் 'டிடிஎம்எஃப்' அமைப்பை 'ஆர்எஃப்சி 2833' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவும் வேண்டாம், அழைப்புகள் ஊழியர்களின் கைபேசிக்கே பிரிந்து போனால் போதும் என்பவர்களுக்கு எக்ஸோடெல், ஓசோன்டெல் போன்ற மேகத் தொலைபேசிச் சேவைகள் இருக்கின்றன. மூன்று பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு அவையே பொருத்தம்.

பூட்டு

பிபிஎக்ஸை இணையத்தில் திறந்து வைத்தால், யாருக்கும் சொல்லாவிட்டாலும் சில மணி நேரத்தில் கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆட்கள் அல்ல, நிரல்கள். எக்ஸ்டென்ஷன் 201, கடவுச்சொல் 201 என்று ஒரு மேசை கிடைத்தால் போதும். சனிக்கிழமை இரவு தொடங்கித் திங்கட்கிழமை காலை வரை, நிமிடக் கட்டணம் மிக அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் கணக்கில் அழைப்புகள் போய்க்கொண்டே இருக்கும். பில் உங்களுக்குத்தான் வரும். 'நாங்கள் பேசவில்லை' என்பதை நிறுவனங்கள் எளிதில் ஏற்பதில்லை.

ஆகவே வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால், அதை பிபிஎக்ஸில் மட்டும் அல்லாமல் டிரங்க் கொடுக்கும் நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்து மூடச் சொல்லுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பெரிய நஷ்டம் தவிர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீளமான, வேறுவேறு கடவுச்சொல். நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து தெரியக் கூடாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் விபிஎன் (இணையத்தில் பூட்டிய தனி வழி) வழியாக உள்ளே வரட்டும். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஆஸ்டரிஸ்க்கில் கட்டாயம் ஓட வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் இணையவழித் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் கட்டுப்பாடுகளோடு கதவு திறந்தது. வழக்கமான தொலைபேசி எண்களோடு இணைத்துச் சேவை தர, உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு 2018இல் வழி செய்யப்பட்டது. உங்கள் அளவில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. உரிமம் உள்ள நிறுவனத்திடம் ஆவணம் கொடுத்து எண் வாங்குங்கள். 'ஒரு பெட்டியும் இணையமும் உங்கள் வீட்டில் இருக்கட்டும், மாதம் வாடகை தருகிறோம்' என்று சிம் கார்டுகள் அடுக்கிய கருவியோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சட்டவிரோத நிலையம் அது. வழக்கு வீட்டுக்காரர் மேலும் பாயும். விளம்பர அழைப்பு செய்யும் எண்ணம் இருந்தால் சாதாரண எண்ணிலிருந்து செய்யக் கூடாது. அதற்குப் பதிவு செய்துகொண்டு 140 வரிசை எண் வாங்க வேண்டும்.

பழைய இணைப்பை எப்போது விடுவது

அவசரப்படாதீர்கள். ஒரு பில் காலமாவது இரண்டும் ஓடட்டும். கைபேசி எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் வசதி இங்கே இல்லை. ஆகவே ரசீது, பெயர்ப்பலகை, ஜிஎஸ்டி பதிவு, வங்கி, கூகுள் வரைபடம் என்று பழைய எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து மாற்றுங்கள். பழைய எண்ணுக்கு வருவதைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி கிடைத்தால் சில மாதங்கள் வைத்திருக்கலாம். பிஎஸ்என்எல் செம்புக் கம்பியிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கே மாறுபவர்கள், பழைய எண்ணையே தொடர முடியுமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். பழைய இணைப்பை ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். கேட்காவிட்டால் அது தானாக வந்து சேராது.